மரத்துக்கு ஒரு பக்கம்

கூனி என்று பெயர் வைத்திருக்கும் பனையின் உச்சியில் பாளையைச் சீவி முடித்து, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி மறுபடியும் கட்டிவிட்டு, ஞானசிங் இடது கையால் ஒரு மட்டையைப் பிடித்துக்கொள்கிறார். வலது கை இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டிக்குள் போகிறது. அரிவாளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் நாவல் வெளியே வருகிறது. விட்ட இடத்தில் அடையாளத்துக்கு ஓர் ஓலை நறுக்கு. அதை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் வாசிக்கிறார். ஒரே பக்கம். கடைசி வாக்கியம் பாதியில் அறுந்தாலும் சரி, நறுக்கைத் திரும்ப வைத்து, புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறார். மீதி வாக்கியம் ஊமைச்சி என்ற அடுத்த பனையின் உச்சியில் இருக்கிறது.

வட்டக்கோட்டைக்கு வடக்கே, அலை இரைச்சல் காதில் விழுந்துகொண்டே இருக்கிற செம்மண் விளை ஒன்றில் அவருக்கு முப்பத்திரண்டு பனை. விடிந்ததும் ஏறிப் பாளை சீவி அக்கானி இறக்க வேண்டும். பதநீரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுகிறோம். சாயங்காலம் பாளையை இன்னொரு தடவை சீவுவதற்கு மறுபடியும் முப்பத்திரண்டு ஏற்றம். புத்தகம் காலை ஏற்றத்துக்கு மட்டும். ஆக நாளைக்கு முப்பத்திரண்டு பக்கம். முந்நூறு பக்க நாவல் பத்து நாளில் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையானாலும் பனை ஏறாமல் இருக்க முடியாது என்பதைப் போதகர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கதைக்கு அந்தச் சலுகை கிடையாது என்பது ஞானசிங் தாமே போட்டுக்கொண்ட சட்டம்.

"ஓய்வுநாள்ல கொலகாரனோட சகவாசம் வேண்டாம், தம்பி," என்பார்.

நாற்பது வயது இருக்கும். குள்ளமான, இறுகிய உடம்பு. மரத்தோடு உரசி உரசி நெஞ்சுத்தோல் காய்த்துப்போயிருக்கிறது. படிப்பு, சபைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. வாசிக்கும்போது உதடு அசையும். நீளமான சொல் ஒன்று வந்துவிட்டால் பனங்கற்கண்டை வாயில் ஒதுக்குவதுபோல் ஒதுக்கி, எழுத்து எழுத்தாகக் கரைப்பார். கதாநாயகன் 'பிராணநாயகியே' என்று விளித்த ஒரு காலையில், அந்த ஒரு சொல் கரைந்து முடியும்வரை நான் கீழே நின்று காத்திருந்தேன்.

"நீங்க காலேஜில படிச்சவங்க ஓடிப் போவீங்க. நான் நடந்து போறவனாக்கும். நடந்து போனாத்தான் வழியில கெடக்கது கண்ணுல படும்."

முகவுரை, பிழைதிருத்தம், பதிப்பாளரின் விண்ணப்பம் எதையும் அவர் தள்ளுவதில்லை. அவற்றுக்கும் தலைக்கு ஒரு மரம் உண்டு. ஒரு நாவலின் பின்னட்டையில் கூந்தல் தைல விளம்பரம் இருந்தது. அதையும் மரமேறி வாசித்துவிட்டு வந்து, கதாநாயகிக்கு முழங்கால்வரை கூந்தல் என்று நாலாம் அத்தியாயத்தில் எழுதியிருந்ததே, அது இந்தத் தைலத்தினால்தானா என்று என்னிடம் கேட்டார். கல்லூரியில் இதற்கெல்லாம் பதில் சொல்லித் தரவில்லை.

புத்தகங்கள் என் வழியாகத்தான் அவருக்குப் போகின்றன. நாகர்கோவிலில் ஒரு வாசகசாலையில் நான் அங்கத்தினன். திருப்பிக் கொடுக்கும் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் கீழ்மூலையிலும் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கும். தாள்களுக்கு நடுவில் சில சமயம் எறும்பும் இருக்கும்; அக்கானி பட்ட விரலின் வாசனை பிடித்து வந்தவை. வாசகசாலைக் கண்காணிப்பாளர் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "பட்டதாரி ஆகிவிட்டீர். வெற்றிலைச் சுண்ணாம்பைப் புத்தகத்தில் துடைக்கலாமா?" என்று கேட்டார். நான் வெற்றிலை போட்டதே இல்லை. ஆனாலும் இனி கவனமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வருஷம்தான் பி.ஏ. தேறினேன். எங்கள் தெருவில் அந்த இரண்டு எழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். என் அப்பாவும் பனை ஏறியவர்தான். என்னை ஒரு மரத்தைத் தொட விட்டதில்லை. திருவனந்தபுரத்துக்கு அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதில் வரும்வரை எனக்கு வேலை இல்லை. காலையில் இந்த விளைக்கு வந்து மல்லாந்து படுத்துவிடுவேன். ஓலை உரசும் சத்தமும் தாள் புரளும் சத்தமும் ஒன்றுபோலவே இருக்கும். எது காற்று, எது கதை என்று பிரிக்க முடியாது. உப்புக்காற்று பலமாக வரும்போது முப்பத்திரண்டு பனையும் சேர்ந்து ஏதோ பெரிய புத்தகம் ஒன்றைப் புரட்டுவது போலிருக்கும். கண் தானாக மூடும். மேலேயிருந்து ஞானசிங்கின் முணுமுணுப்பு, வார்த்தை இல்லாமல், வண்டின் ரீங்காரம்போல இறங்கி வரும்.

"மேலே உட்கார்ந்து வாசிப்பது எப்படி இருக்கும், அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எழுத்து ஆடும், தம்பி. காத்து எப்பிடி வருதோ அப்பிடி ஆடும். கப்பல் கதையா இருந்தா வேற ஒண்ணும் வேண்டாம், நாம கப்பல்லயாக்கும் இருக்கோம். அந்தால கோட்ட தெரியும், கடலு தெரியும். ஏலேன்னு கூப்பிட பக்கத்துல ஆளு கெடையாது. ராசாவுக்குக்கூட இப்பிடி ஒரு இருப்பு கிட்டாது, கேட்டீரா?"

வாசித்த எதையும் அவர் மறப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொரு மரத்தில் விட்டு வந்திருக்கிறார் அல்லவா? 'கப்பல் முங்கினது கூனியில', 'தாயும் மவளும் சந்தையில வச்சுக் கண்டது இரட்டப்பனையில தெக்க நிக்கதுல' என்று இடம் சொல்லுவார். இப்படி வருஷக்கணக்காகச் சேர்ந்து, ஒரே மரத்தில் ஒரு கலியாணமும் ஒரு தீ விபத்தும் இரண்டு மூன்று கடிதங்களும் தங்கியிருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் பனைக்கு வேலை இல்லை. அந்த மாதங்களில் ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு விளையில் தனியே நடப்பார். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்ப்பார். மழைநீர் தூரில் வழியும். உதடு லேசாக அசையும். பிறகு அடுத்த மரம். அவர் மரங்களைப் பார்வையிடுகிறார் என்று வழியில் போகிறவர்கள் நினைப்பார்கள். நான் நாலு வருஷம் படித்த புத்தகங்களில் ஒன்றையாவது எங்கே உட்கார்ந்து படித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பரீட்சை அறையின் மேசைதான் நினைவுக்கு வந்தது.

அவர் மனைவி நேசம்மாளுக்கு எழுத்து தெரியாது. விளையின் ஓரத்து ஓலைப்புரையில் அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பது அவள் வேலை. மரமெல்லாம் இறங்கி வந்து ஞானசிங் ஒரு பனந்துண்டில் உட்கார்ந்ததும், துடுப்பால் பானையைக் கிண்டிக்கொண்டே, "கூனியில என்ன?" என்று தொடங்குவாள். அவர் கூனிப் பக்கத்தைச் சொல்லுவார். "ஊமைச்சியில?" அதையும் சொல்லுவார். முப்பத்திரண்டு மரத்துக் கதையும் முடியும்போது பாகு பதத்துக்கு வந்திருக்கும்; சிரட்டைகளில் ஊற்றத் தொடங்குவாள். கதை சொல்லும் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாகைத் தீய்த்துவிட்ட நாட்களும் உண்டு.

அவளுக்குக் குறை இல்லாமல் இல்லை. மரத்துக்கு ஒரு பக்கம் என்றால், எல்லா மரமும் முடிய ஒரு மணி நேரம் கூடுகிறது. வெயில் ஏறினால் அக்கானி புளிக்கும். புளித்தால் கருப்பட்டி கெட்டிப்படாது. "உச்சியில என்ன தவமா செய்யேரு? வெயிலு இடுப்புக்கு வந்தாச்சு!" என்று கீழேயிருந்து சத்தம் போடுவாள். அதே நேசம்மாள் என்னிடம், "சனியாழ்ச்ச மட்டும் இவரு எப்பவும் கழுத்துல கத்திய வச்சுக்கிட்டு நிப்பாட்டுகாரு, தம்பி. திங்களாழ்ச்ச வரைக்கும் எனக்கு ஒறக்கம் உண்டா?" என்றும் சொல்லியிருக்கிறாள்.

இந்த வைகாசியில் ஒரு துப்பறியும் நாவல் அவர் கைக்குப் போயிற்று. ஜமீன்தார் வீட்டு இரும்புப் பெட்டியைக் கள்வன் ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். துப்பறிகிறவர் பின்னாலேயே போகிறார். ஏழு நாளாக ஓட்டம். எட்டாம் நாள் காலை, ஊமைச்சியின் உச்சியில், கள்வன் பெட்டியின் மூடியைத் தூக்கினான். 'உள்ளே' என்ற சொல்லோடு பக்கம் முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் தாளைப் புரட்டியிருப்பார்கள். ஞானசிங் சட்டத்தை மீறவில்லை. மளமளவென்று இறங்கினார், அடுத்த பனைக்கு ஓடினார், ஏறத் தொடங்கினார். காலில் மாட்ட வேண்டிய தளைநார் ஊமைச்சியின் அடியிலேயே கிடந்தது.

இரண்டு பாதத்தையும் சேர்த்து மரத்தோடு பிடித்து நிறுத்துவது அந்த நார்வளையம்தான். இருபது வருஷமாக மரம் ஏறுகிறவர் அதை மறப்பது, வேட்டியை மறந்துவிட்டு வீதியில் இறங்குவது மாதிரி. இரண்டு ஆள் உயரத்தில் கால் வழுக்கியது. மரத்தைக் கட்டிப் பிடித்தபடியே கீழே வந்துவிட்டார். நெஞ்சுத்தோல் ஒரு சாண் அகலத்துக்கு மரத்தோடு போயிற்று.

அன்று மத்தியானம் நேசம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். புத்தகத்தைச் சீலைத் தலைப்பில் பொதிந்து வைத்திருந்தாள்.

"இதப் பிடியும்."

"அண்ணனுக்கு எப்படி இருக்கிறது?"

"தோலு போச்சு. தோலு வளரும். ஆளு போனா வளருமா? எங்க அப்பன் பனையில இருந்து விழுந்துதான் போனாரு. எட்டு வயசுல என் கண்ணால கண்டவளாக்கும் நான். நீரு இனி அவருக்குப் பொஸ்தவம் குடுக்கப்பிடாது. காலப் பிடிச்சுக் கேட்டாலும் குடுக்கப்பிடாது. வாக்குச் சொல்லும்."

சொன்னேன். ஒரு மனிதருக்குச் சந்தோஷம் கொடுக்கிறோம் என்று எனக்குள் இருந்த சின்னப் பெருமை அவள் நின்ற அந்த இரண்டு நிமிஷத்தில் கரைந்துபோயிற்று. அவர் உயிரோடுதான் விளையாடிக்கொண்டிருந்தேனோ?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், நெஞ்சில் மருந்துத் துணியோடு ஞானசிங் என் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, அந்தப் பொஸ்தவம்..."

"திருப்பிக் கொடுத்துவிட்டேன், அண்ணே. வேறு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்."

புத்தகம் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. சபைக் கோயில் வாசலில் நின்றுகொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். "சரி. அந்த ஆளுக்காவது பெட்டியில என்னன்னு தெரிஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெஞ்சு ஆறி மறுபடியும் மரம் ஏறினார். மூன்று வாரம் அக்கானி வெயிலுக்கு முந்தி இறங்கிற்று. கருப்பட்டி கண்ணாடிபோல் வந்தது. ஆனால் ஓலைப்புரையில் அடுப்பு எரியும் சத்தம் மட்டும்தான். கூனியில் என்ன என்று அவள் கேட்கவில்லை. கூனியில் ஒன்றும் இல்லை. பானை கொதிப்பதையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது நேசம்மாளுக்கே பொறுக்கவில்லை.

"சும்மா இருக்கதுக்கு, அந்தப் பெட்டிக் கதையத்தான் முடியுமே."

ஞானசிங் தொண்டையைச் செருமினார். "பெட்டிய தொறந்தான். உள்ள ஒரு பாம்பு இருந்து. கொத்திச்சு. செத்தான்."

"துப்பறியுகவரு?"

"வந்து பாத்தாரு. அவரையும் கொத்திச்சு."

"ஜமீன்தாருக்க மவ?"

"அவ அழுதுகிட்டே ஓடி வந்தா..."

"அவளையும் கொத்திச்சாக்கும்! இது எந்த மரத்துல வாசிச்சது?"

அவர் குனிந்து அடுப்புக்குள் ஒரு மட்டையைத் தள்ளினார்.

"சவம், இதும் ஒரு கதையா? ஒத்தப் பாம்பு ஊர முழுசும் கொன்னுட்டுப் போவுது!"

மறுநாள் அவள் மறுபடியும் என்னைத் தேடி வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பெட்டியில என்னதான் இருந்து? எனக்கு மட்டும் சொல்லும், தம்பி," என்றாள்.

எனக்கும் தெரியாது. அவருக்காக எடுத்த புத்தகங்களை நான் திறந்து பார்த்ததில்லை; அவை என் படிப்புக்குக் கீழானவை என்று ஓர் எண்ணம் எனக்கு. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, கடைசி எண்பது பக்கத்தையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பிறகு சொன்னேன். பெட்டியில் இருந்தவை செங்கற்கள். துப்பறிகிறவர் முன்னாலேயே நகைகளை எடுத்து ஜமீன்தார் மகளின் அரிசிப் பானையில் மறைத்துவிட்டார். கள்வனுக்குச் சிறை, அவளுக்குக் கலியாணம். கல்லூரியில் ஒரு பாடத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதச் சொல்லுவார்கள். அதில் எனக்கு எப்போதும் நல்ல மார்க்கு.

"பொறவு?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா? ஒரு மரத்துக்குக்கூட காணாதே! இதுக்கா அந்த மனுசன் எட்டு நாளு ஏறினாரு? பி.ஏ. படிச்சா இப்பிடித்தான் வாசிக்கணுமா?"

கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள். அவள் கையை நீட்டினாள். புத்தகத்தைக் கொடுத்தேன். படி இறங்கியவள் திரும்பி, "செங்கல்லுன்னு அவருகிட்ட சொல்லிராதேயும், என்ன?" என்றாள்.

புத்தகம் வாசகசாலைக்குத் திரும்பி வந்துவிட்டதென்று சொல்லி அவரிடம் கொடுத்தாள்; ஆனால் முதலில் தரையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். மூன்று வாரம் விட்டுப்போன கதை. ஆகையால் அவர் அந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலிருந்து வந்தார். அடுப்புச் சூடும் அக்கானி வாசனையும் மரம் ஏறிய களைப்பும் சேர்ந்தன. இரண்டாவது வரியில் தூங்கிவிட்டார். அடுத்த நாளும் அதே இரண்டு வரி. மூன்றாம் நாள் புத்தகம் சாம்பலில் விழுந்தது.

"தரையில இருந்தா ஒறக்கம் வருகு, ஏட்டி. மரத்துல வராது."

"மரத்துல வந்துட்டா அதுதான் கடைசி ஒறக்கம்," என்றாள்.

ஆனாலும் அன்று முழுவதும் யோசித்திருக்கிறாள். ஓலைப்புரையை ஒட்டி நிற்பது அடுக்களைப்பனை. ஓலை அடர்ந்த, பருத்த மரம். மட்டைகளுக்கு நடுவே சாய்ந்து உட்காரலாம். மற்ற முப்பத்தொரு மரத்து அக்கானியும் முதலில் அவள் கைக்கு வந்துவிட வேண்டும். பிறகு தளைநார் போட்டு இதில் ஏறி, இடுப்பைத் துண்டால் மட்டையோடு கட்டிக்கொண்டு, முப்பத்திரண்டு பக்கத்தையும் ஒரே இருப்பில் வாசித்துக்கொள்ளலாம். இதுதான் அவள் தீர்ப்பு.

ஞானசிங்குக்குச் சம்மதம் இல்லை. "எல்லாத்தையும் ஒரே மரத்துல வச்சா, பொறவு நான் எங்க போயித் தேட?"

"அதுல மட்ட எத்தன உண்டு?"

"முப்பது, முப்பத்தஞ்சு வரும்."

"மட்டைக்கு ஒண்ணா வச்சுக்கிடும்."

அவர் அண்ணாந்து பார்த்தார். உதடு அசைய ஆரம்பித்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

முதல்நாள் நானும் போயிருந்தேன். கடல் மேல் வெயில் இன்னும் வெள்ளையாகவில்லை. புகை ஓலைப்புரையிலிருந்து எழுந்து பனங்கொண்டை வரைக்கும் போய், அங்கே தயங்கி நின்றது. புகைக்குள் ஞானசிங்கின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"துண்டு கெட்டியாச்சா?" என்று நேசம்மாள் கூவினாள்.

"கெட்டியாச்சு."

"எத்தன முடிச்சு?"

"ரெண்டு. நீ பானையப் பாரு, ஏட்டி."

அவள் பானையைப் பார்க்கவில்லை. துடுப்பு கையில் இருக்க, மரத்தடியில் வந்து நின்றாள். மேலே முணுமுணுப்பு நடந்துகொண்டிருந்தது. ஓலைகள் அசைந்தன. முணுமுணுப்பு ஓர் இடத்தில் நின்றது. ஒரு தாள் புரண்டிருக்க வேண்டும். காற்றுகூட நின்றுவிட்டதுபோல எனக்குத் தோன்றியது. பிறகு கொண்டையே குலுங்கும்படி ஒரு சிரிப்பு கேட்டது. காய்ந்த பன்னாடைத் தூள் எங்கள் தலையில் பொலபொலவென்று உதிர்ந்தது.

நேசம்மாள் சீலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. என் பக்கம் திரும்பி, மூச்சுவிடாதே என்பதுபோல் துடுப்பை ஒருமுறை ஆட்டினாள். பிறகு தலைப்பை எடுத்து, முகத்தை நேராக்கிக்கொண்டு, ஒரு கையை மரத்தில் ஊன்றி அண்ணாந்து, ஒன்றும் அறியாதவளாகக் கேட்டாள்:

"இஞ்ச பாரும், என்னதுக்கு இந்தச் சிரிப்பு? பெட்டியில என்ன இருந்து?"